பாறைக்குத் தெற்கே ஒரு ஊதா

அந்த ஊதாவை வைத்தது நான்தான். வேறு யாரும் இல்லை. மணி ஏழு இருபது இருக்கும். கடலுக்குள் சிலுவை நட்ட குருசுப் பாறைக்குத் தெற்கே, படம் வரைகிற பலகையில் பார்த்தால் பாறையிலிருந்து நாலு விரல் தள்ளி, நகம் அளவுக்கு ஒரு ஊதா. வைத்துவிட்டு ரெண்டு எட்டு பின்னால் போய்ப் பார்த்தேன், நல்லா இருந்தது, அடுத்த நிறத்துக்குப் போய்விட்டேன். இப்போது மணி பத்தாகப் போகிறது. அக்கா புருஷன் ரொசாரி அத்தானைக் காணவில்லை. மீனுக்குப் போனால் எட்டு மணிக்கெல்லாம் கரையேறிவிடுகிற ஆள். மூணு வள்ளம் வடக்கே தேடப் போயிருக்கிறது, கோயில் மைக்கில் ரெண்டு தடவை சொல்லிவிட்டார்கள், அக்கா அந்தப் பக்கம் பெண்களுக்கு நடுவே நிற்கிறாள். நான் இந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நகம் அளவு ஊதாவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது நிழலாக இருக்கலாம். பாசியாக இருக்கலாம். மேலே மேகம் போயிருக்கலாம். என்னவென்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் என்னவென்று நான் பார்க்கவே இல்லை, நிறத்தைத்தான் பார்த்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? பார்த்தியா பார்க்கலையா, ஒண்ணு சொல்லு என்பார்கள். பார்த்தேன், ஆனால் பார்க்கலை. இப்படிச் சொன்னால் எவன் கேட்பான், நானே கேட்க மாட்டேன், பளார் என்று ஒன்று வைப்பேன். பெயிண்டு இன்னும் காயவில்லை. விரல் வைத்தால் ஒட்டும். வைத்துப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.

காலையில் அஞ்சே முக்காலுக்கு அத்தான் மிதவையைத் தண்ணீரில் தள்ளும்போது நான் ஸ்டாண்டை நட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, உடைந்த நாற்காலி முதுகும் ரெண்டு கம்பும். மிதவையும் பெரிதாக ஒன்றும் இல்லை, ரெண்டு தெர்மாகோல் பலகையைச் சேர்த்துக் கட்டித் தார்ப்பாயில் சுற்றியது, ஒருத்தன் உட்கார்ந்து துடுப்புப் போடலாம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் இப்படித் தனியாகப் போகிறவன் கரைக்கண் வைத்துவிட்டுத்தான் போவான். கரையில் நிற்கிற ஒருத்தரைப் பார்த்து எனக்கு நீ கண்ணு என்பான். அவர் சரி போ என்று சொல்லிவிட்டால் முடிந்தது, போனவன் திரும்புகிற வரை அவர் கரையை விட்டு அசையக்கூடாது, கடலில் துடுப்பு செங்குத்தாக உயர்ந்தால் ஊரைக் கூட்டவேண்டும். யாரும் அதை மறுத்து நான் பார்த்ததில்லை, குடிகாரன்கூட மறுக்கமாட்டான். அத்தான் சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன மாப்ள, இன்னைக்கும் அதே பாறைதானா? அது என்ன ஓடியா போகப்போவுது?" பாறை ஓடாது அத்தான், வெயில் ஓடும் என்றேன். "ஓடட்டும். நீ எப்படியும் கடலை முறைச்சுக்கிட்டுத்தான் நிக்கப்போற. எனக்கும் நீயே கண்ணு." சரி, போங்க என்றேன். சொல்லும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பலகை ஆடிக்கொண்டிருந்தது, அதற்கு ஆணி தேடிக்கொண்டிருந்தேன். ஊரே என்ன நினைக்கிறது என்றால், கிளாட்வின் மாதிரி கடலைப் பார்க்கிறவன் யாரும் இல்லை. படிப்பை விட்டான், வேலைக்கு ஒழுங்காகப் போகமாட்டான், ஆனால் நாற்பது நிமிஷம் கண்ணை எடுக்காமல் பார்ப்பான். அதுதான் தப்பு. அந்த நாற்பது நிமிஷத்தில் என்னைவிடக் குருடன் இந்தக் கரையில் கிடையாது. இது யாருக்கும் தெரியாது. எனக்கே இன்றைக்குத்தான் தெரிகிறது.

எப்படிச் சொல்வது, கண்ணைப் பாதி மூடவேண்டும். முழுசாகத் திறந்தால் வள்ளம், பாறை, குருசு, காக்கா என்று எல்லாம் பேரோடு வந்து நிற்கும், பேர் வந்தால் கோடு வரும், கோடு வந்தால் படம் செத்துப்போகும். போனில் ஒரு வெள்ளைக்காரி கடற்கரையில் குடை நட்டு நின்று வரைவதை ஒரு நாள் பூரா பார்த்தேன், பாஷை புரியவில்லை, அவள் கண்ணைச் சுருக்குகிறாள், பார்க்கிறாள், வைக்கிறாள், நிழலுக்குக் கறுப்பைத் தொடவே மாட்டேன் என்கிறாள், நீலம் வைக்கிறாள், ஊதா வைக்கிறாள். மறுநாள் காலையில் நானும் கண்ணைச் சுருக்கினேன். பாறை காணாமல் போனது. அங்கே ஒரு கத்தரிக்காய் நிறம் நின்றது, அதன் காலில் ஒரு பச்சை, மேலே உருகுகிற ஒரு மஞ்சள். பயந்துவிட்டேன், உண்மையாகச் சொல்கிறேன், பதினேழு வருஷம் என்னை எவனோ ஏமாற்றியிருக்கிறான் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் கோட்டைப் போடு, உள்ளே நிறத்தை அடை என்பார்கள். கோடு எங்க சார் இருக்கு என்று கேட்டதற்குக் கிளாஸே சிரித்தது. பதினொண்ணோடு நின்றேன். நின்றதற்கு அது காரணம் இல்லை, கெமிஸ்ட்ரிதான் காரணம், அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு வேண்டாம். இப்போது வள்ளங்களில் பேர் எழுதுகிறேன், நம்பர் எழுதுகிறேன், பகல் பூரா கோடுதான், மிச்சமாகிற எனாமலை டப்பாவில் ஊற்றிவைத்துக் காலையில் கோடு இல்லாமல் வரைகிறேன். இருபத்து மூணு பலகை ஆகிவிட்டது, எல்லாம் இதே பாறை, இதே ஏழு மணி. ஏழிலிருந்து ஏழு நாற்பதுவரை கடல் தகடு மாதிரி எரியும், அதற்குப் பிறகு வெறும் வெளிச்சம், எல்லோருக்கும் தெரிகிற கடல். அந்த நாற்பது நிமிஷத்தில் யோசிக்கக்கூடாது. யோசித்தால் ஒரு நிறம் போய்விடும். பார், வை. பார், வை. ஊதா, வை.

எட்டரைக்கு அக்கா வந்தாள். நான் டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தேன். மெற்றில்டா என்று பேர், என்னைவிட ஒன்பது வயசு மூப்பு, ஊரில் அவள் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள், ஆனால் கேட்டது சின்னக் குரலில்தான். "ஏலே, அவரு எங்க?" அப்போதுதான் முழுக் கண்ணால் கடலைப் பார்த்தேன். கடல் காலியாக இருந்தது. இங்கிருந்து அங்கேவரை ஒன்றும் இல்லை. அதற்குள் தொம்மை மாமா வந்துவிட்டார், அத்தானின் தாய்மாமா, ஊரில் தேடப் போவதென்றால் அவர் வள்ளம்தான் முதலில் இறங்கும். "கடைசியா எங்கல பார்த்த?" என்றார். வடக்கே என்றேன். பொய் இல்லை. ஆறரைக்கு அத்தான் பாறைக்கு வடக்கே துடுப்புப் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன், முழுக் கண்ணால், முதுகு தெரிந்தது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. ஏழுக்குப் பிறகு நான் எதையுமே பார்க்கவில்லை. "நல்லாத் தெரியுமா?" தெரியும் மாமா. "துடுப்பைத் தூக்குனானா?" இல்ல மாமா. அவர் தண்ணீரை ஒரு தடவை பார்த்தார், "வடக்கதான் இழுக்குது, வாங்கலே" என்று வள்ளத்தைத் தள்ளினார்கள். ஜெனோ என்னைக் கடந்து ஓடும்போது, "டேய் பிக்காசோ, நீ கண்ணு வச்ச லட்சணத்துல எங்க வீட்டு ஆட்டைக்கூட உன்கிட்ட விடமாட்டேன்டா" என்றான். என்னோடு படித்தவன், எப்போதும் இப்படித்தான் பேசுவான், கேலிக்குத்தான் சொன்னான், மூஞ்சியில் கேலி இல்லை. வள்ளங்கள் போன பிறகுதான் பலகையைத் திருப்பினேன். ஊதா இருந்தது. வைத்தது ஞாபகத்துக்கு வந்தது. துடுப்பைத் தூக்கினானா என்று கேட்டதற்கு இல்லை என்று சொன்னது அதற்கும் பிறகு ஞாபகத்துக்கு வந்தது. இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒன்றும் இல்லை, பாசி. பாசி என்றால் பழுப்பு அடிக்கும். இதில் பழுப்பு கலந்தேனா? கலக்கவில்லை, நீலமும் கொஞ்சம் சிவப்பும்தான், டப்பா மூடியில் இன்னும் இருக்கிறது. சரி, மேகத்து நிழல். மேகம் இருந்தால் வானத்தில் வைத்திருப்பேன். பலகையில் மேல் பாதியைப் பார்க்கிறேன், மஞ்சள், வெளிர் மஞ்சள், பால் மாதிரி ஒன்று, ஓரத்தில் ரோஸ். ஒரு மேகம் கிடையாது. பாறை நிழல்? பாறை நிழல் காலையில் கரையைப் பார்த்து விழும், தெற்கே எதற்குப் போகிறது? போன மாசம் வரைந்ததில், அதற்கு முந்தின மாசம் வரைந்ததில், இருபத்து மூணில் ஒன்றிலாவது அந்த இடத்தில் ஊதா இருந்திருக்கிறதா? இல்லை. அந்த இடம் எப்போதும் எரிகிற இடம், வெள்ளைக்கு மேல் வெள்ளை வைக்கிற இடம். அத்தான் மிதவையில் சுற்றியிருக்கிற தார்ப்பாய் நீலம். எதிர்வெயிலில் நீலம் என்னவாகத் தெரியும் என்று என்னைத் தவிர இந்த ஊரில் யாருக்குத் தெரியும். வேண்டாம், இதை யோசிக்க வேண்டாம். வேறு எதையாவது பார். பாறையைப் பார். பாறையின் அடியில் நுரை, வெள்ளையில் ஒரு வால் மாதிரி இழுத்திருக்கிறேன், விரலாலேயே இழுத்தது, வலது பக்கமாகப் போகிறது. வலது என்றால் தெற்கு. நிமிர்ந்து கடலைப் பார்க்கிறேன். பாறையிலிருந்து நுரை இடது பக்கம் போகிறது. இப்போது தண்ணீர் வடக்கே இழுக்கிறது. தொம்மை மாமா பார்த்தபோதும் வடக்கே இழுத்திருக்கிறது. ஏழு இருபதுக்குத் தெற்கே இழுத்திருக்கிறது. என் விரல் இழுத்திருக்கிறது, எனக்குத் தெரியாமலேயே. ஆக, அவர் வடக்கே இருந்தவர் பாறையைத் தாண்டித் தெற்கே வந்திருக்கிறார், அப்புறம் எட்டு மணிவாக்கில் தண்ணீர் மாறியிருக்கிறது, அப்படியென்றால் அவரை இப்போது எங்கே தேடுவது, தெற்கேயா, வெளியேயா, இதைக் கணக்குப் போட எனக்குத் தெரியாது, மாமாவுக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். இப்போதாவது எழுந்து போய்ச் சொல்லவேண்டும். ஆனால் தப்பாக இருந்தால்? அது வெறும் தண்ணீரின் மடிப்பாக இருந்து, அவர் வடக்கே உட்கார்ந்திருந்து, நான் போய் மூணு வள்ளத்தையும் தெற்கே திருப்பிவிட்டால், அப்போதும் கொன்றவன் நான்தானே. சும்மா இரு. சும்மா இருந்தாலும் நீதான். ஒருமணி நேரமாக இதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், செக்கில் கட்டின மாடு மாதிரி. கால் மரத்துவிட்டது. ஒரு நண்டு என் டப்பா மூடியில் ஏறி இறங்கி நீலக் காலோடு போகிறது. சிரிப்பு வருகிறது, அதுவும் அசிங்கமாக இருக்கிறது. இன்னொன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏழு இருபதுக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். இந்த வருஷத்திலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இருபத்து மூணு பலகையிலும் வராத கடல் இதில் வந்துவிட்டது என்று தெரிந்தது. விசில் அடித்தேன் என்று நினைக்கிறேன்.

தொம்மை மாமா வள்ளம் திரும்பி வருகிறது. பெண்கள் எல்லோரும் ஒரே சத்தமாக எழுந்தார்கள், பிறகு அடங்கினார்கள். ஆள் இல்லை, எண்ணெய் போட வந்திருக்கிறார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேர் மேலே ஓடுகிறார்கள். அக்கா அந்தக் கூட்டத்தைவிட்டு என்னை நோக்கி வருகிறாள், மணலில் செருப்பு ஒன்று கழன்றுவிட்டது, ஒற்றைச் செருப்போடு வருகிறாள். பலகையைக் கவிழ்க்கலாம். கவிழ்த்தால் மணல் ஒட்டும். அந்த நேரத்திலும் மணல் ஒட்டுமே என்று நினைத்தேன், என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும். முன்னால் வந்து நின்றாள். "என்னலே, காலையில இருந்து அதையே பார்த்துக்கிட்டுக் கெடக்க?" ஒன்றும் இல்லக்கா. "கிளாடு, என் மூஞ்சியப் பாரு. என்ன?" எனக்குப் பொய் சொல்லத் தெரியும், நன்றாகவே சொல்வேன், வரவில்லை. பலகையை அவள் பக்கம் திருப்பினேன். இந்த ஊதாக்கா என்றேன். ஏழு இருபதுக்கு வச்சேன், என்னன்னு தெரியல, பாறைக்குத் தெக்க, நான் பாக்கலக்கா, நிறத்த மட்டும்தான் பாத்தேன். உளறினேன். அவள் இதுவரை என் படம் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை, அப்பளம் சுட்ட மாதிரி இருக்கு என்பாள். இப்போது பக்கத்தில் குனிந்து பார்த்தாள். முகம் பலகையில் இடிக்கிற மாதிரி. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள், ஊதாவில் இல்லை, அதற்குக் கொஞ்சம் மேலே. "இது என்ன?" குன்றிமணி அளவில் ஒன்று. ஆரஞ்சு என்றேன். "எதுக்கு வச்ச?" எதுக்குன்னு இல்ல, ஊதாவுக்குப் பக்கத்துல ஆரஞ்சு இருந்தா எடுப்பா இருக்கும் என்று சொல்ல வந்தேன், அது பொய், அப்படி வைக்கவில்லை. அங்க இருந்துச்சுக்கா. ஒரு தடவ தெரிஞ்சுது, மறஞ்சுது, மறுபடியும் தெரிஞ்சுது. போயிடக்கூடாதுன்னு சட்டுனு வச்சேன். அவள் நிமிரவில்லை. "திருவிழா கமிட்டிச் சட்டையைப் போட்டுட்டுப் போனாருலே. வேண்டாம், அது நல்ல சட்டைன்னேன். கேக்கல." கமிட்டிச் சட்டை என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். முன்னால் மாதாவின் படம், பின்னால் வருஷம், எல்லாவற்றையும் டிசைன் பண்ணிக் கொடுத்ததே நான்தான். தூரத்திலிருந்தும் தெரியவேண்டும் என்று அந்த நிறத்தை நான்தான் சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்று தலையைக்கூடக் கொடுத்தேன். அவள் என் பையைத் துழாவிப் பெயிண்டு கலக்குகிற கத்தியை எடுத்தாள். என் கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "சுரண்டு." என்னக்கா? "அதச் சுரண்டிருலே. இந்த ரெண்டையும். காயலல்ல, வந்துரும்." துடுப்பு போயிருக்கும், சட்டைய வீசிக் கை காட்டிட்டு இருந்திருக்காரு அக்கா, மாமாகிட்டச் சொல்லணும், தண்ணி அப்ப தெக்க இழுத்திருக்கு. "மூணு மணி நேரம் ஆச்சுலே," என்றாள், சத்தம் இல்லாமல், பல்லுக்குள்ளேயே. "இது இங்க இருந்தா அவரு உன்னப் பாத்துக் கையக் காட்டிருக்காரு. உன்ன நம்பிக் காட்டிருக்காரு. அதுக்கு அப்புறம் நான் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படில ஒரே வீட்டுல இருப்பேன்? எனக்கு வேற யாருல இருக்கா? இது இல்லன்னா அவரு வடக்க போனாரு. வடக்கதான் போனாரு. நீயே சொன்னல்ல. சுரண்டு." கத்தி ஈரமாக இருந்தது, அவள் கை வேர்வை. கத்தியின் நுனியை ஊதாவின் ஓரத்தில் வைத்தேன். அவ்வளவு சின்னது. ஒரு இழுப்பு. மேலே கொஞ்சம் வெள்ளையைத் தடவினால் வெயில் ஆகிவிடும், நல்ல வெயில், யாருக்கும் தெரியாது, அக்கா எனக்கு மத்தியானம் சோறு போடுவாள், சாகிறவரை போடுவாள். கீழே வள்ளத்தில் எஞ்சின் கயிற்றை இழுக்கிற சத்தம் கேட்டது. பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார்கள். பிடித்துக்கொண்டது. கத்தி எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடினேன். முதல் அலை முழங்காலில் அடித்தது, ரெண்டாவது இடுப்பில், பலகையை ரெண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன், எனாமல் நாற்றம் முகத்தில் வழிந்தது. மாமா, மாமா, நில்லுங்க என்று கத்தினேன். தொம்மை மாமா எஞ்சினைத் தணித்துத் திரும்பினார். "கூறுகெட்ட பயலே, இப்பவால படம் காட்டுற நேரம்?" ஜெனோ கையை நீட்டி என்னைத் தள்ளத்தான் வந்தான், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் பலகையை வாங்கினான். மாமா நுரையைப் பாருங்க என்றேன், நுரை எந்தப் பக்கம் போவுதுன்னு பாருங்க, அது ஏழு இருபது, அப்புறம் அந்த ஆரஞ்சைப் பாருங்க. அவர் பலகையை முட்டியில் வைத்துக் குனிந்தார். அவர் முகம் மாறுவதை நான் முழுக் கண்ணால் பார்த்தேன். பின்னால் கரையிலிருந்து அக்கா என் பேரைச் சொல்லிக் கத்துகிறாள், அலைச் சத்தத்துக்கு மேலே கேட்கிறது, சுரண்டுலே, கிளாடு, சுரண்டிருலே என்கிறாள். நான் சுரண்டவில்லை.